முந்தின ராத்திரி தங்கிய இடம்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மீதிப் பாதிப் பேர் சாலையைக் கடக்கப் பயப்படுவதே அவர்களைப் பார்த்துத்தான். என் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு. இத்தனை வருஷத்தில் என் கால் அந்த இரண்டாவது பிரேக்கோடு ஒட்டிப் பிறந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, திரையில் யாராவது வேகமாகப் போனால் என் கால் தரையை மிதிக்கும். "நின்னுடுச்சு, விடுங்க," என்பாள் என் மனைவி.

வேகம் என்றால் எனக்கு ஆகாது. என் பள்ளியில் நாலாவது கியர் என்பது தூரத்துச் சொந்தம் மாதிரி. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் போய்ப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவனிடம் அவள் ஒரு சாயங்காலம் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்து நின்றாள். "ஏங்க, கடலோர ரோட்டைத் திறந்துட்டாங்களாம்."

என் கால் தரையை மிதித்தது.

அந்தச் சாலை எப்படிப்பட்டதென்றால், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். பங்காளிச் சண்டையில் மாட்டிய வேட்டி மாதிரி நடுவில் சாலை கிடக்கும். மலை தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும், கடல் தன் பக்கம் கொஞ்சம் கிழிக்கும். கடைசியில் ஒரு கலங்கரை விளக்கம். அதற்கு அப்பால் சாலையும் இல்லை, ஊரும் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் அதில் போவதாக இருந்தது. நான், அவள், அவள் தம்பி. அவனை நாங்கள் துரும்பு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். வீட்டு வேலை என்று வந்தால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டான் என்பது இன்னொரு காரணம். "துரும்பே துரும்பை எப்படிக்கா கிள்ளும்? வலிக்காதா?" என்பான்.

அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். பெல்ட் போடாமல் என் வண்டி நகராது. "பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்பேன். 'டக்' என்று சத்தம் வரவேண்டும். துரும்பும் டக்கென்று மாட்டுவான். சரி, 'எடு' என்று சொல்ல நான் வாயைத் திறந்ததும் டக்கென்று கழற்றுவான். நான் முறைப்பேன். என்னைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு மறுபடி ஒரு டக். "போலாம் மாமா." ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஏறின ஒவ்வொரு தடவையும் இதே கூத்து.

அந்தப் பயணத்துக்கு அவன் ஒருநாள் முன்னாலேயே தன் பழைய காரில் கிளம்பிப் போனான். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கிற விடுதியில் மூன்று பேருக்கு அறை சொல்லிவைத்தான். என் வண்டி பழுதுக்குப் போயிருந்ததால் நாங்கள் மறுநாள் பஸ்ஸில் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. மறுநாள் பஸ் தொழிலாளர்கள் திடீர் வேலைநிறுத்தம். ஒரு பஸ்கூட ஓடவில்லை. தகவல் சொல்லலாமென்றால் அங்கே அடித்த காற்றில் போன் கம்பி அறுந்து கிடந்தது. இருட்டியும் நாங்கள் வராததால், வழியில் எங்கேயாவது மாட்டிக்கொண்டோமோ என்று பார்க்க அவன் காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். காலையில் கார் ஒரு வளைவில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

கார் எப்படி நின்றிருந்தது என்பதைச் சொல்லவேண்டும். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. முதல் கியரில் போட்டிருந்தது. முன் சக்கரங்கள் பாறைப் பக்கம் திருப்பியிருந்தன. சரிவில் நிறுத்தினால் இப்படித்தான் நிறுத்தவேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னதில் ஒரு எழுத்து தப்பவில்லை. கூட வந்த போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோ ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அடுத்த மழையில் மலை சரிந்ததால் சாலையை மூடிவிட்டார்கள். அதோடு நானும் அந்தப் பேச்சை மூடிவிட்டேன். அவள் மூடவில்லை. தம்பி போய்விட்டான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "இன்னும் வரலை," என்பாள். பஸ் நிலையத்து விசாரணைக் கவுண்டரில் சொல்கிற மாதிரி.

அவளுக்கு வேலையே பஸ் கம்பெனியில்தான். எந்தப் பஸ் எப்போது கிளம்பவேண்டும் என்று நேரம் போட்டுக்கொடுக்கிற வேலை. அதில் ஒரு முறை உண்டு. எல்லோரும் கிளம்புகிற இடத்திலிருந்து கணக்குப் போடுவார்கள், அவள் முடிகிற இடத்திலிருந்து போடுவாள். பஸ் கடைசியில் டிப்போவுக்குள் வந்து நிற்கவேண்டும், அதற்கு முன்னால் எங்கே இருக்கவேண்டும், அதற்கு முன்னால் எங்கே என்று ஒவ்வொரு நிறுத்தமாகப் பின்னாலேயே வந்து, கடைசியில்தான் கிளம்புகிற நேரத்தைத் தொடுவாள். "கிளம்பறதை யாரு வேணும்னாலும் கிளம்பிடலாம். வந்து சேர்றதுதான் கஷ்டம்," என்பாள். எங்கள் கல்யாணத்தைப் பற்றியும் இதையேதான் சொல்லுவாள்.

எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு கண்ணாடி போட்டிருக்கிறோம். அந்தக் கண்ணாடிக்கு அடியில் கடற்கரை வரைபடத்தை விரித்தாள். கண்ணாடி மேல் எழுதுகிற சிவப்புப் பென்சிலால் முதல் வட்டத்தைப் போட்டாள், கலங்கரை விளக்கத்தின் மேல். அங்கிருந்து பின்னால் வந்து படகுத்துறையில் ஒன்று. அதற்கும் பின்னால், மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிற பெட்ரோல் பங்கில் ஒன்று. அந்தப் பங்குக்கு மேலே ரெண்டு அறை வாடகைக்கு விடுகிறார்களாம். அதற்குப் பின்னால் எங்கள் வீடு.

நான் டீயை வைத்துக்கொண்டு பார்த்தேன். "எல்லாம் சரி. திரும்பி வர்றது?"

"முதல்ல போய்ச் சேருவோம்."

"பஸ்ஸுக்கெல்லாம் டிப்போவுல கொண்டுவந்து முடிப்ப. நமக்கு மட்டும் லைட்ஹவுஸ்ல முடிச்சிருக்கியே."

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். முனை கூராகத்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பாறைக்கும் கடலுக்கும் இல்லை. வாழ்நாள் முழுக்க, வண்டி திரும்ப டிப்போவுக்கு வருகிற நேரத்தைத்தான் முதலில் எழுதினவள், இந்த ஒரு வண்டிக்கு அதை எழுதவில்லை. இவள் அங்கே போனால் திரும்பி வரமாட்டாளோ என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியமில்லை. "ஒரு டீ போடட்டுமா?" என்றேன். கையில் ஏற்கெனவே ஒரு டீ இருந்தது.

முதல் போன் கலங்கரை விளக்கத்து விடுதிக்கு. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்த அம்மாவின் குரலுக்குப் பின்னால் காற்று விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்."

"முந்தின ராத்திரி எங்க தங்குறீங்க?"

"அது எதுக்கும்மா?" என்றேன் நான். "எங்க மாமனார்கூட என்னை இவ்வளவு விசாரிச்சதில்ல."

விடுதிக்கார அம்மா சிரிக்கவில்லை. "இந்த ரோட்டுல அது பழக்கம் சார். இங்க செல்போன் எடுக்காது, பனி வந்தா நீட்டின கை தெரியாது. இருட்டுறதுக்குள்ள நீங்க வந்து சேரலைன்னா முந்தின ராத்திரி தங்குன இடத்துல விசாரிப்போம். அங்க இருந்து கிளம்பிட்டீங்கன்னா நடுவுல தேடுவோம். அங்கயும் வரலைன்னா அதுக்கு முந்தின இடம்."

"அப்படியே பின்னாடியே போய்க்கிட்டு இருப்பீங்களா?"

"ஆமா சார். கிடைக்கிற வரைக்கும்."

கண்ணாடி மேல் போய்க்கொண்டிருந்த சிவப்புப் பென்சில் நின்றது. பிறகு என் மனைவி, "படகுத்துறையில தங்குறோம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் படகுத்துறை விடுதிக்குப் பேசினாள். அங்கே ஒரு இருமல்காரர். இரண்டு இருமலுக்கு நடுவில் அறை இருக்கிறது என்றார், அடுத்த இரண்டு இருமலுக்கு நடுவில் அதே கேள்வியைக் கேட்டார். "பெட்ரோல் பங்க் மாடியில," என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கலங்கரை விளக்கத்து அம்மா திரும்பக் கூப்பிட்டார்.

"ரூம் ரெண்டு பேருக்குன்னுதானேம்மா சொன்னீங்க? மூணாவது ஆள் வந்து கேக்குறாரே."

"யாரு?"

"பேர் சொல்லல. 'மூணு பேருக்கு ரூம் சொல்லியிருந்தோம், மத்த ரெண்டு பேரும் வந்துட்டாங்களா'ன்னு கேட்டாரு. இன்னும் வரலை, இனிமேதான் வருவாங்கன்னு சொன்னேன். முந்தின ராத்திரி எங்க தங்குறாங்கன்னு கேட்டாரு. படகுத்துறைன்னு சொன்னேன். அந்தப் பக்கமா நடந்து போனாரு."

"ஆள் எப்படி இருந்தாரு?" என் மனைவியின் குரல் அலுவலகக் குரலாக இருந்தது. விபத்தில் மாட்டிய பஸ்ஸின் நம்பரைக் கேட்கும்போது அவளுக்கு அந்தக் குரல் வரும்.

"ஒல்லியா. குடை விரிச்சா தூக்கிட்டுப் போயிடும், அவ்வளவு ஒல்லி. சிரிச்ச முகம். இங்க மழையே இல்ல, ஆனா சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தாரு."

போனை வைத்த பிறகு நான்தான் நிறையப் பேசினேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. உன் டிப்போக்காரர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு வயதாகியிருக்கும் என்றேன். கடற்கரையில் ஒல்லியாக ஒருவன் நனைவது ஒரு செய்தியா என்றேன். அவள் கண்ணாடி மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீயைக் கொட்டுனீங்களா?"

கண்ணாடிக்கு அடியில், வரைபடத்தில் கலங்கரை விளக்கம் இருக்கிற இடத்தில், ஈரம் கோத்திருந்தது. உள்ளங்கை அகலம்.

"நான் கொட்டல."

"நீங்க இல்லாம வேற யாரு?"

எங்கள் வீட்டில் சிந்துகிற எதற்கும் ஒரே ஒரு குற்றவாளிதான். நான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கித் துடைத்தேன். ஈரம் ஜில்லென்று இருந்தது. டீ ஆறினாலும் அவ்வளவு ஜில்லென்று இருக்காது.

இரண்டு நாள் கழித்துப் படகுத்துறை இருமல்காரர். அன்று நான் பாடம் முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். அவள் சமையலறையில் இருந்ததால் நான் எடுத்தேன்.

"உங்க ஆளு வந்துட்டுப் போனாரு சார்." இருமல். "தரையெல்லாம் தண்ணி. துடைச்சேன். காஞ்சதும் வெள்ளையாப் பூத்துருச்சு. நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்பு."

"தரையில இருக்கறதையெல்லாம் நாக்குல வெச்சுப் பாப்பீங்களா?"

"கடல்கிட்ட பொறந்தவன் சார். பழக்கம்." இருமல். "தப்பா நினைக்காதீங்க. அந்தத் தம்பி நல்ல மாதிரி. போறப்ப வாசல்ல கோணலா கிடந்த செருப்பையெல்லாம் நேரா வெச்சுட்டுப் போனாரு."

"எங்க போனாரு?"

"முந்தின இடம் கேட்டாரு. பெட்ரோல் பங்க் மாடின்னு சொன்னேன். சொல்றதுதானே பழக்கம்."

நான் மேஜையைப் பார்த்தேன். ஈரம் கலங்கரை விளக்கத்தில் இல்லை. அந்த இடம் காய்ந்து, காகிதம் லேசாகச் சுருங்கியிருந்தது. இப்போது படகுத்துறையில் இருந்தது. அதிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு, சாலை வளைகிற மாதிரியே வளைந்து, எங்கள் பக்கமாக நீண்டிருந்தது.

அவளைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"பங்குக்கு மட்டும் போன் பண்ணாத," என்றேன். "அத்தோட விட்டுடு. நாம போகவேண்டாம்."

"மத்தியானமே ஆபீஸ்ல இருந்து பண்ணிட்டேன்."

"முந்தின ராத்திரி எங்கன்னு கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"வேற என்ன சொல்றது? முந்தின ராத்திரி நாம வீட்டுலதானே இருப்போம். விலாசத்தைச் சொன்னேன். பச்சைக் கேட்டு, கேட்டுக்கு முன்னாடி எல் போர்டு வெச்ச வண்டி நிக்கும்னு அடையாளமும் சொன்னேன்."

உலகத்தில் வேறு யாராயிருந்தாலும் பயணத்தை வீட்டிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். இவள் கடலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடமாகப் பின்னால் நகர்ந்து, எங்கள் வாசற்படியில் கொண்டுவந்து முடித்திருந்தாள். வழி தெரியாத ஒருவனுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிற மாதிரி.

"பயமா இல்லையா உனக்கு?"

"எட்டு வருஷமா நாமதான் அவனைத் தேடுறோம்னு நினைச்சுட்டு இருந்தேன்," என்றாள். "அப்படி இல்லைங்க. வராதது நாம. அவன்தான் தேடிட்டு இருக்கான்."

"வந்து, 'வா அக்கா'ன்னு கூப்பிட்டா போயிடுவியா?"

கேட்டுவிட்டேன். வட்டம் போட்ட நாளிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி, கேட்கவேண்டாத நேரத்தில் வெளியே வந்து விழுந்தது. அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகமாட்டேன் என்று சொல்ல ஒரு வினாடி போதும். அவள் அந்த ஒரு வினாடியை எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் எனக்குப் பாடம் எதுவும் இல்லை. வண்டியைக் கழுவிக் கேட்டுக்கு முன்னால் நேராக நிறுத்தினேன். எங்கள் தெரு மேஜை மாதிரி சமதளம், சக்கரத்தைத் திருப்பி நிறுத்த அவசியமே இல்லாத தெரு. சாவியை உள்ளே கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். மூன்று மணி வாக்கில் போன் அடித்தது. எடுக்க மனசில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

"சார், பெட்ரோல் பங்க்ல இருந்து பேசுறேன். உங்க மச்சினன் வந்தாரு."

மச்சினன் என்கிறார். யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"வண்டி எதுலயும் வரல சார். நடந்துதான் வந்தாரு, நடந்துதான் போனாரு. உங்க வீட்டு விலாசம் கேட்டாரு, குடுத்தேன். தப்பில்லையே?"

"இனிமே என்னங்க தப்பு."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மாமாகிட்ட சொல்லுங்க, வண்டியை ஒழுங்காத்தான் நிறுத்திட்டு வந்தேன்னு. சொன்னா உங்களுக்குப் புரியும்னாரு."

புரிந்தது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி பக்கத்திலேயேதான் இருந்தது. எட்டு வருஷமாக ஒரு பையன், கடலோ மலையோ எங்கேயோ கிடந்துகொண்டு, மாமா திட்டுவாரோ என்று அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இரண்டும் ஒரே வாசல் வழியாக நுழையப் பார்த்து இடித்துக்கொண்டன. கடைசியில் பயம்தான் ஜெயித்தது. எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டேன். மேல் தாழ், கீழ் தாழ், நடுவில் சங்கிலி. பிறகு கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். எதைத்தான் உருப்படியாகச் செய்திருக்கிறேன்?

அவள் வந்து தட்டினாள். யார் என்று மூன்று தடவை கேட்டேன்.

"உங்க பொண்டாட்டி. திறங்க. அடையாள அட்டை காட்டணுமா?"

திறந்து, பங்க்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வண்டியை ஒழுங்காக நிறுத்தின விஷயம் வரும்போது என் குரல் உடைந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். அப்புறம் கதவைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"வீட்டு ஆளுக்கு எதுக்குங்க தாழ்ப்பாள்," என்றாள். நான் மறுபடி போட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கதவை வெறுமனே சாத்தி வைத்தாள், தள்ளினால் திறந்துகொள்ளும்படி.

சாப்பிட்டோம் என்று பேர். மேஜையில் கண்ணாடிக்கு அடியில் ஈரக்கோடு பங்கைத் தாண்டி, மலையை விட்டு இறங்கி, எங்கள் ஊர் எல்லைக்கு வந்திருந்தது. தட்டை அதன் மேல் வைக்க இரண்டு பேருக்குமே மனசில்லை. மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அவள் சோபாவின் ஒரு ஓரம், நான் மறு ஓரம். நான் கண்ணை மூடமாட்டேன் என்று சபதம் செய்தேன். என் சபதங்களுக்கு இருக்கிற மரியாதை எனக்குத் தெரிந்ததுதான். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம், என் மேல் ஒரு போர்வை. அவள் இல்லை.

அந்த ஒரு கணத்தை நான் விவரிக்கப் போவதில்லை. கதவு திறந்து கிடந்தது. ஓடினேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் திட்டக்கூட மூச்சு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாருங்க," என்றாள்.

கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் சிமெண்டுத் தரையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒல்லியான பாதங்கள். கடைசிப் படி வரை வந்து, சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் இரண்டு பாதமும் சேர்ந்து நின்றிருந்தன. நிறைய நேரம் நின்றிருக்கவேண்டும், அங்கே உப்பு கனமாக இருந்தது. பிறகு திரும்பிக் கேட்டைத் தாண்டி வெளியே போயிருந்தன.

வெளியே என் வண்டி. நேராக நிறுத்தின வண்டியின் முன் சக்கரங்கள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. முதல் கியர். சாவி உள்ளே ஆணியில்தான் தொங்கியது, பிற்பாடு போய்ப் பார்த்தேன். உப்புப் பாதங்கள் பின் கதவில் முடிந்தன. பின் சீட்டில் ஒரு ஓரம் மட்டும் கறுத்து, ஈரம் பாய்ந்து, ஒருத்தர் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளமாக இருந்தது.

"ஏன் உள்ள வரல?" என்றேன்.

"எங்க கிளம்பினாலும் அவன்தானே முதல்ல ஏறி உக்காந்துக்குவான்," என்றாள். "நாம பூட்டிட்டு வர்றதுக்குள்ள ஹாரன் அடிச்சுத் தெருவைக் கூட்டுவான். நாம தூங்குறதைப் பாத்துட்டு இன்னைக்கு ஹாரனும் அடிக்கல போல."

"இப்ப என்ன பண்றது?"

"மூணு பேரும் போறோம்னு சொன்னோம்ல. போவோம்."

"போயி?"

அவள் எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். மேஜையில் ஈரம் எங்கள் வீடு இருக்கிற புள்ளியில் வந்து நின்றிருந்தது. அவள் துணியை எடுத்தாள். கண்ணாடி மேலிருந்த சிவப்பு வட்டங்களை எல்லாம் துடைத்தாள். பென்சிலை எடுத்து முதல் வட்டத்தைப் போட்டாள்.

எங்கள் வீட்டின் மேல்.

பிறகு அதற்கு முன்னால் பெட்ரோல் பங்க். அதற்கு முன்னால் படகுத்துறை. அதற்கு முன்னால் கலங்கரை விளக்கம். அங்கிருந்து மறுபடி படகுத்துறை, மறுபடி பங்க், மறுபடி வீடு. டிப்போவில் முடிந்து டிப்போவில் தொடங்குகிற ஒழுங்கான பஸ் மாதிரி. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த முதல் வட்டத்தைப் பார்க்க எனக்கு அலுக்கவேயில்லை.

கலங்கரை விளக்கத்துக்குப் போன் போட்டாள்.

"ரூம் சொல்லியிருந்தோமேம்மா, அதுல ஒரு மாத்தம். திரும்பறப்பவும் எங்கெங்க தங்குவோம்னு சொல்றேன், குறிச்சுக்குங்க."

"சொல்லும்மா. எத்தனை பேரு?"

"வர்றப்ப மூணு பேர்," என்றாள் என் மனைவி. "திரும்பறப்ப ரெண்டு பேர்."

அந்தப் பக்கம் காற்றுக்கு நடுவில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. விடுதிக்கார அம்மா எதுவும் கேட்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற ஆட்களை முன்னேயும் பார்த்தவரோ என்னவோ.

"சரிம்மா. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு ரெண்டு பேருக்கா, மூணு பேருக்கா?"

"மூணு."

போனை வைத்தாள். நான் கதவோரம் நின்று தொண்டையைச் செருமினேன். "திரும்பறப்ப ரெண்டு பேர்னியே. எந்த ரெண்டு பேர்னு..."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு முன்னால் கலங்கரை விளக்கம் எல்லாம் எம்மாத்திரம். "கையில டீயை வெச்சுக்கிட்டே டீ போடட்டுமான்னு கேக்குற ஆளை நான் எங்கே போய்த் தேடறது?" என்றாள். "போய் வண்டியில ஏறுங்க. பக்கத்து சீட்டு. நான்தான் ஓட்டுறேன்."

என் சீட்டுக்கு இரண்டாவது பிரேக் மட்டுமில்லை, பின்னால் பார்க்கத் தனியாக ஒரு கண்ணாடியும் உண்டு. ஏறினதும் அதைச் சரிசெய்தேன். அதாவது, கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்தேன். வண்டிக்குள் கடல் வாசம் நிறைந்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்த மாதிரி ஒரு குளிர். அவள் ஏறினாள். சாவியைப் போட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த சக்கரங்களை நேராக்கினாள்.

இருபது வருஷப் பழக்கம், நாக்கு தானாகவே புரண்டது.

"பெல்ட் போட்டாச்சா?"

அவளுடையது டக். என்னுடையது டக்.

பின்னால் ஒரு டக்.

'எடு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் இன்னொரு டக். என் மனைவியின் கைகள் ஸ்டீயரிங்கை இறுக்கின, வாய் மட்டும் சிரிக்கப் பார்த்தது. நான் திரும்பவில்லை. முறைக்க வேண்டியதைக் கூரையைப் பார்த்தே முறைத்தேன்.

எங்களைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு, மூன்றாவது டக்.

இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். "எடும்மா," என்றேன். "போலாம்."